கடைசி அவுட்டுக்குப் பிறகு



ஜூன் மாதம் மூன்று வாரம் நியூ ஜெர்சியில் தங்கை வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். நயாகராவைப் பற்றியும் நியூ யார்க் சுரங்க ரயிலைப் பற்றியும் நம் பத்திரிகையிலேயே நாலைந்து பேர் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சமாகக் கிடைத்தது ஒரு சனிக்கிழமை காலை. ஊர்ப் பூங்கா மைதானத்தில் பன்னிரண்டு வயதுப் பையன்கள் ஒரு பேஸ்பால் ஆட்டம் தோற்றதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

தோற்ற அணிக்கு கோச் எங்கள் மாப்பிள்ளை, தங்கை கணவர். பாளையங்கோட்டையில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர். பேஸ்பால் மட்டையைத் தொட்டதே முப்பத்தெட்டாவது வயதில்தான், அதுவும் மகன் ஆடப் போனதால். அங்கே சிறுவர் பேஸ்பால் இப்படிப்பட்ட அப்பா அம்மாக்களை நம்பித்தான் ஓடுகிறது. சம்பளம் கிடையாது. 1939இல் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் மூன்றே அணிகளை வைத்து லிட்டில் லீக்கைத் தொடங்கினார். இன்று அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. ஆனாலும் சனிக்கிழமை விடிந்ததும் மைதானத்துக்குப் போய்ச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர், வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு தகப்பனார்தான்.

ஆட்டத்துக்கு வருகிறேன். மூன்று பேர் அவுட்டானால் ஒரு அணியின் முறை முடியும். பிறகு அடுத்த அணி மட்டை பிடிக்கும். பெரியவர்களுக்கு ஒன்பது இன்னிங்ஸ், இந்தப் பையன்களுக்கு ஆறு. நம் பையன்கள் 6–5 என்று முன்னால் இருந்தார்கள். ஆறாவது இன்னிங்ஸ், எதிரணியின் முறை, இரண்டு அவுட் விழுந்தாயிற்று. இன்னும் ஒன்று விழுந்தால் வெற்றி. ரன்னுக்காக ஓடுகிறவர்கள் நின்று போகிற இடம்தான் பேஸ். இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆள் நிற்கிறார்கள்.

அதுவரை நன்றாக வீசிய பிட்சரை முந்தின இன்னிங்ஸோடு இறக்க வேண்டியதாகிவிட்டது. அந்த வயதில் ஒரு நாளைக்கு 85 பந்துதான் என்று விதி. வளரும் பிள்ளைகளின் முழங்கையும் தோளும் கெட்டுவிடக் கூடாதே என்பதற்காக வைத்தது. ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற பையனைப் பந்து வீசக் கூப்பிட்டார் மாப்பிள்ளை. இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே இருக்கிற இடம் அது. பந்து ஓயாமல் வருகிற இடம். காலியான அந்த இடத்துக்குத் தன் மகனை அனுப்பினார். பருவம் முழுக்க வலது கோடியில் புல்வெளியில் நின்றவன் என் மருமான்.

பந்து தரையோடு வந்தது. பெரிய வேகமும் இல்லை. குனிந்தான், கையுறையை ஒரு நொடி முன்னாலேயே தூக்கிவிட்டான். பந்து இரண்டு காலுக்கும் நடுவே போய்ப் பின்னால் புல்லில் நின்றது. இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள். 7–6. வெற்றி ரன் வந்ததுமே ஆட்டம் முடிந்துவிடும். மூன்றாவது அவுட்டுக்குக் காத்திருக்க மாட்டார்கள். எதிரணிப் பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து துள்ளுகிறார்கள். இவன் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தபடியே இருக்கிறான். நிமிரவில்லை.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். என்ன செய்யப்போகிறார்? மகனைத் தேற்றினால் மற்றப் பெற்றோர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கடிந்தால் இன்னொரு மாதிரி.

முதல் வேலையாகப் பையன்களை வரிசையில் நிறுத்திக் கைகொடுக்க அனுப்பினார். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் எதிரெதிர் வரிசையாக நடந்து, உள்ளங்கையைத் தட்டிக்கொண்டே ‘குட் கேம், குட் கேம்’ என்று சொல்லிப் போவது அங்கே வழக்கம். தோற்றவன் வாயிலிருந்து அந்த இரண்டு சொல் வெளியே வர என்ன பாடு படுகிறது என்று அன்று பார்த்தேன். பிறகு அணியை இடது கோடிப் புல்லுக்கு அழைத்துப் போனார். பெற்றோர்கள் வர வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். நான் பத்திரிகைக்காரன். தண்ணீர் கேனைத் தூக்குகிற சாக்கில் பின்னாலேயே போய்விட்டேன்.

புல்லில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பையன்களும் உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார்.

“இது வலிக்கும். ராத்திரி வரைக்கும் வலிக்கும், சிலருக்கு நாளைக்கும் வலிக்கும். கடைசி இன்னிங்ஸில் ஷார்ட்ஸ்டாப்பை மாற்றியது நான். அந்த இடத்தில் பயிற்சியே கொடுக்காத ஒரு பையனை நிறுத்தினேன். அது என் கணக்கு.”

பிறகு ஸ்கோர் புத்தகத்தைப் பிரித்தார். மூன்றாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் இருந்தும் நம் அணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை என்று காட்டினார். இரண்டாவது இன்னிங்ஸில் இரண்டு பேரைச் சும்மா நடக்கவிட்டோம், அவர்கள் இரண்டு பேருமே ரன் ஆனார்கள் என்று காட்டினார். நான்காவதில் ஒருவன் ஓடிப்போய் விழுந்து பிடித்த பந்தைச் சொன்னார். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு குண்டாக இருந்த கேட்சர் பையன், “இன்றைக்கு ஸ்நாக் யார் வீட்டு முறை?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், ஒருவனைத் தவிர.

“பரவாயில்லை, விளையாட்டுதானே” என்று அவர் சொல்லவில்லை. நானாக இருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். நம்மில் பலரும் சொல்வது அதுதான். குழந்தை அழுவதைப் பார்க்க நமக்குச் சகிக்கவில்லை, அதனால் நம் வசதிக்காக ‘பரவாயில்லை’ என்கிறோம். அவனுக்குப் பரவாயில்லாமல் இல்லை என்பது அவன் முகத்திலேயே தெரிகிறது.

காரில் யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை பாட்டும் போடவில்லை. பாதி வழியில் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

“மாமா, கிரிக்கெட்ல எரர் போடுவாங்களா?”

“இல்லப்பா. கேட்ச் விட்டா விட்டதுதான். ஸ்கோர்போர்டுல வராது.”

“நல்ல கேம்” என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பேஸ்பால் ஸ்கோர்போர்டின் ஓரத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். ரன், ஹிட், எரர். பிழையை எண்ணி, ஊரே பார்க்கிற பலகையில் போட்டுவைக்கிற ஆட்டம் வேறு எது இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இத்தனைக்கும் தோல்வி சகஜமான ஆட்டம் அது. அமெரிக்காவின் பெரிய லீகில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். 2024இல் அந்த லீகின் இறுதியான உலகத் தொடரை வென்ற லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அந்த வருஷப் பருவத்தில் 64 ஆட்டம் தோற்றிருந்தது. அதே வருஷம் சிகாகோ வைட் சாக்ஸ் தோற்றது 121. இவ்வளவு தோல்வியைச் செரிக்கிற ஆட்டம்தான், ஒரே ஒரு பந்துக்காக ஒரு மனிதனை இருபது வருஷத்துக்கு மேல் மன்னிக்காமல் இருந்தது.

பில் பக்னர் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1986 அக்டோபர் 25, நியூ யார்க்கின் ஷே ஸ்டேடியம். உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். 1918க்குப் பிறகு கோப்பையையே பார்க்காத பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி பத்தாவது இன்னிங்ஸில் 5–3 என்று முன்னால். இரண்டு அவுட், பேஸில் ஆளே இல்லை. அங்கிருந்து வரிசையாக மூன்று ஹிட் கொடுத்தார்கள். ஸ்கோர் 5–4. பிட்சரை மாற்றினார்கள், வந்தவர் எகிறடித்த ஒரு பந்தில் 5–5. அதற்கப்புறம்தான் எதிரணியின் மூக்கி வில்சன் தட்டிய பந்து முதல் பேஸில் நின்ற பக்னரின் காலுக்கு நடுவே போனது. அவருக்கு அப்போது 36 வயது, கணுக்கால் இரண்டும் போய்விட்டிருந்தது. கடைசி நேரத்தில் அவரை வெளியே எடுத்து டேவ் ஸ்டேப்பிள்டனை நிறுத்துவது அந்த அணியின் வழக்கம். அன்றைக்கு மேனேஜர் அப்படிச் செய்யவில்லை. போதாததற்கு ஏழாவது ஆட்டம் ஒன்று பாக்கி இருந்தது. அதில் 3–0 என்று முன்னால் போயும் பாஸ்டன் தோற்றது.

இத்தனை பேர் கை இருந்தும் பழி ஒரே ஆள் தலையில் விழுந்தது. 2,715 ஹிட் அடித்தவர், ஒரு வருஷம் தேசிய லீகின் சிறந்த பேட்டர் என்று பட்டம் வாங்கியவர். பேரைச் சொன்னால் மக்களுக்கு நினைவு வந்தது அந்தக் கால் இடுக்குதான். 2008 ஏப்ரலில் பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் அந்தப் பருவத்தில் நடந்த முதல் ஆட்டத்துக்குச் சம்பிரதாயமாக முதல் பந்தை எறிய அவரைக் கூப்பிட்டார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் ரெட் சாக்ஸ் 2004, 2007 என்று இரண்டு முறை கோப்பை வாங்கிவிட்டது. மன்னிப்பது சுலபமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. 2019இல் அவர் காலமானார்.

அன்று இரவு சாப்பாடு முடிந்து பின்கட்டில் உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். “நானா ஒன்னும் பேசல மச்சான். இவர்கிட்ட படிச்சதுதான்” என்றார்.

2014 ஆகஸ்ட் 18இல் எடுத்தது. வில்லியம்ஸ்போர்ட்டை ஒட்டிய சவுத் வில்லியம்ஸ்போர்ட்டில் வருஷாவருஷம் நடக்கிற லிட்டில் லீக் உலகத் தொடர். ரோட் ஐலண்டு என்ற துக்கடா மாநிலத்தின் கம்பர்லண்ட் என்ற ஊர்ப் பையன்கள் சிகாகோவின் ஜாக்கி ராபின்சன் வெஸ்ட் அணியிடம் 8–7 என்று தோற்று வெளியேறிவிட்டார்கள். பையன்கள் அழுகிறார்கள். கோச் டேவ் பெலிஸ்ல் அவர்களைச் சேர்த்து வைத்துப் பேசுகிறார். தொலைக்காட்சிக்காரர்கள் அவர் சட்டையில் மைக் மாட்டியிருந்ததால் நாடே கேட்டது.

எல்லோரும் தலையை நிமிர்த்துங்கள், உங்கள் கண்ணை நான் பார்க்க வேண்டும் என்று ஆரம்பிக்கிறார். உங்கள் உழைப்பில் எனக்கு ஏமாற்றமே இல்லை என்கிறார். உடனே ஸ்கோரைச் சொல்கிறார். 8–7, ஹிட் கணக்கையும் சேர்த்து. மாப்பிள்ளை இங்கே போனை நிறுத்தினார். “பாருங்க, முதல்ல கணக்கு. சும்மா புகழல. கடைசி அவுட் வரைக்கும் நின்னீங்கன்னு சொல்றதுக்கு ஆதாரம் கையில வச்சிருக்கார்.”

பிறகு பெலிஸ்ல் சொல்கிறார்: எனக்குக் கண்ணீர் வந்தால் அது ஒரே காரணத்துக்காகத்தான், உங்களுக்குப் பயிற்சி கொடுப்பது இதுதான் கடைசி. லிட்டில் லீக்கின் இந்தப் பிரிவில் பன்னிரண்டு வயது தாண்டினால் ஆட முடியாது. ஆகவே நிஜமாகவே கடைசிதான். அழுதால் தப்பில்லை என்கிறார். ஊருக்கு என்ன கொடுத்திருக்கிறீர்கள் தெரியுமா என்கிறார். அப்பா அம்மா காத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்கிறார். அதற்கு முன்னால் எல்லோரும் ஒரு முறை கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார். எனக்கு வயதாகிக்கொண்டு வருகிறது, இப்படிப்பட்ட நினைவுகள் எனக்குத் தேவை என்று அவர் சொல்கிற இடத்தில் என் தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இந்த மனிதர் வளர்ந்த வீட்டைத் தெரிந்துகொண்டால் இன்னும் சுவாரசியம். அப்பா பில் பெலிஸ்ல் அதே மாநிலத்தின் மவுண்ட் செயின்ட் சார்ல்ஸ் பள்ளியின் ஐஸ் ஹாக்கி கோச்சாக இருந்தவர். 1978 முதல் 2003 வரை அந்தப் பள்ளி தொடர்ச்சியாக 26 வருஷம் மாநிலக் கோப்பையை வாங்கியது. டேவ் அந்தப் பள்ளியிலேயே ஆடி, அப்பாவோடு அங்கேயே கோச்சாகவும் இருந்தவர். வெற்றியைத் தினசரி சோறாகத் தின்ற குடும்பம். தோல்வியைப் பற்றி அவ்வளவு நிதானமாகப் பேச அவருக்கு எங்கிருந்து வந்தது?

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மைக் இல்லாவிட்டால் இப்படிப் பேசியிருப்பாரா? கேட்டேவிட்டேன். மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். “மைக் இருக்கிறது பெரியவங்களுக்குத்தான் மச்சான். அந்தப் பசங்க கண்ணு மைக்கையா பார்க்குது?” மறுபடி போட்டுப் பார்த்தோம். பார்க்கவில்லைதான்.

அந்த ஆட்டத்தில் ஜெயித்த சிகாகோ பையன்களுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். நகரத்தின் தென்பகுதியைச் சேர்ந்த கறுப்பினப் பிள்ளைகள். லாஸ் வேகஸ் அணியை வென்று அமெரிக்கச் சாம்பியன் ஆனார்கள். உலக இறுதியில் தென் கொரியாவின் சியோல் அணியிடம் 8–4 என்று தோற்றார்கள். சிகாகோவில் ஊர்வலம், வெள்ளை மாளிகையில் அதிபர் ஒபாமாவோடு சந்திப்பு. 2015 பிப்ரவரியில் லிட்டில் லீக் அந்த அமெரிக்கப் பட்டத்தைப் பறித்து லாஸ் வேகஸுக்குக் கொடுத்துவிட்டது. எல்லைக்கு வெளியே இருந்த பகுதிகளிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்க்க, அணியை நடத்திய பெரியவர்கள் வரைபடத்தை மாற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. பிள்ளைகள் ஆடியது நேர்மையான ஆட்டம். அவர்கள் மட்டையால் வாங்கியது வரைபடத்தால் போயிற்று. பெரியவர்களின் பிழைக்கு ஸ்கோர்போர்டில் கட்டம் கிடையாது.

மறுநாள் காலை காரின் தரைவிரிப்பைத் தங்கை வெளியே போட்டு உதறினாள். பேஸ்பால் மைதானத்தின் உள்வட்டம் செம்மண். பையன்கள் ஷூவில் அப்பிக்கொண்டு வீடு முழுக்க வரும். அவள் திட்டிக்கொண்டே உதறியதைப் பார்த்தபோது எனக்கு ஜப்பான் ஞாபகம் வந்தது. நிஷினோமியா நகரத்து கோஷியன் அரங்கத்தில் ஒவ்வொரு கோடையிலும் பள்ளி அணிகளின் தேசியப் போட்டி நடக்கும். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள் வட்டாரப் போட்டிகளில் மோதி, 49 அணிகள் அங்கே வரும். ஒரு முறை தோற்றால் ஊருக்குப் போக வேண்டியதுதான். ஆக 48 அணிகள் தோற்றுத்தான் திரும்பும். தோற்ற பையன்கள் மண்டியிட்டு அந்த மைதானத்து மண்ணைக் கையால் வாரிப் பையில் கட்டிக்கொண்டு போவார்கள். டிவியில் அதைக் காட்டுவார்கள். 

1958இல் ஒகினாவா தீவின் ஷுரி உயர்நிலைப் பள்ளி அங்கே வந்து ஆடித் தோற்றது. ஒகினாவா அப்போது அமெரிக்க ஆளுகையில் இருந்தது. அந்தப் பையன்கள் மண்ணை வாரிக்கொண்டு நாஹா துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது, பயிர் நோய்த் தடுப்பு விதியைக் காட்டி அத்தனையையும் கொட்டச் சொல்லிவிட்டார்கள். செய்தி பரவியது. ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்கள் கோஷியனிலிருந்து கூழாங்கற்களைப் பொறுக்கி அனுப்பி வைத்தார்கள். கல்லுக்குத் தடை இல்லை. அதற்கு அந்தப் பள்ளியில் இன்றும் நினைவுச் சின்னம் இருக்கிறது. தங்கையிடம் இதைச் சொன்னேன். “அங்க கொண்டாடட்டும், என் கார்ல வேண்டாம்” என்று சொல்லிவிட்டு உதறி முடித்தாள்.

நான் கிளம்புவதற்குள் இன்னும் இரண்டு ஆட்டம் நடந்தது. ஒன்று ஜெயித்தார்கள், ஒன்று தோற்றார்கள். மருமான் பழையபடி வலது கோடியிலேயே நின்றான். ஆனால் சாயங்காலம் வீட்டு வாசலில் அப்பா பந்தை உருட்டிவிட, இவன் குனிந்து குனிந்து எடுப்பதை மாடியிலிருந்து பார்த்தேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. நாற்பது பந்து வரை எண்ணினேன், அதற்குள் காபி வந்துவிட்டது.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் என்னிடமே ஒரு பழைய பாக்கி இருப்பதுதான். ஒன்பதாம் வகுப்பில் நான் கபடி ஆடினேன். பக்கத்து ஊரில் போட்டி. ஒரு புள்ளியில் தோற்றோம். கடைசி ரெய்டு போய் மாட்டிக்கொண்டது நான். எங்கள் பி.டி. சார் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை. விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தவர் ஊர் வரும் வரை திரும்பவில்லை. கோபமா, வருத்தமா, அல்லது அவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லையா? இப்போது கேட்கலாம் என்றால் அவர் இல்லை.

உங்களில் பலர் பள்ளியில் எதையாவது ஆடித் தோற்றிருப்பீர்கள். அன்றைக்கு உங்கள் சாரோ டீச்சரோ, அப்பாவோ அண்ணனோ என்ன சொன்னார்கள், அல்லது சொல்லாமல் விட்டார்கள் என்று எழுதி அனுப்புங்கள். இரண்டு பக்கத்துக்கு மிகாமல் இருந்தால் நல்லது. உடற்கல்வி ஆசிரியர்களாக இருக்கிற வாசகர்கள் அவசியம் எழுத வேண்டும். உங்கள் கடிதங்களைத்தான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்